மூன்றாம் துண்டின் மண்

தியாகலிங்கம் மேசையில் வைத்த துணிப்பை, வைத்த வேகத்தில் வாயவிழ்ந்து கொஞ்சம் வெண்மணலைக் கொட்டியது. அதை அள்ளிப் போட அவர் முயலவில்லை.

"இது என்ரை காணி மண். நானே மண்வெட்டி பிடிச்சு எடுத்தனான். உங்கடை அறிக்கை பொய்யோ, இந்த மண் பொய்யோ எண்டு நீங்களே சோதிச்சுச் சொல்லுங்கோ."

மேசைக்கு அப்பால் இருந்த சோமசேகரம் யாழ்ப்பாணத்து மண் ஆய்வுகூடத்தின் பொறுப்பதிகாரி. யார் என்ன முறைப்பாட்டோடு வந்தாலும் முதலில் மண்ணைப் பார்த்துவிட்டுத்தான் ஆளின் முகத்தைப் பார்ப்பார். இப்போதும் கொட்டிய மணலில் ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்தார்.

"இருங்கோ ஐயா. என்ன நடந்தது எண்டு ஆறுதலாய்ச் சொல்லுங்கோ."

தியாகலிங்கம் புகையிரத நிலைய அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். பளையில் அவருக்குத் தென்னந்தோட்டம் இருந்தது. அது மூன்று துண்டுகளாகக் கிடந்தது. முதல் இரண்டும் அவர் தன் உழைப்பில் வாங்கியவை. வண்டில் பாதைக்கு அப்பால், கடல்நீரேரிப் பக்கமாக இருந்த மூன்றாவது, அவர் மனைவி நாகேஸ்வரியின் சீதனம்.

அது எழுபத்தைந்தாம் ஆண்டு. கப்பலில் வரும் உரம் குறைந்து போயிருந்தது. மண்ணைச் சோதித்து, தேவை என்று எழுதப்பட்ட காணிக்கு மட்டுமே கூட்டுறவுச் சங்கத்தில் பொட்டாசு உரம் கொடுத்தார்கள். ஆய்வுகூடத்தின் கள உத்தியோகத்தர் குணலட்சுமி தோட்டத்துக்குப் போய் மண் எடுத்து வந்திருந்தாள். முதல் இரண்டு துண்டுகளுக்கும் பொட்டாசு தேவை, மூன்றாம் துண்டில் அது தாராளமாக இருக்கிறது, போட வேண்டாம் என்று அறிக்கை போனது.

"மூண்டாம் துண்டிலை பொட்டாசு தாராளமாம்," என்று தியாகலிங்கம் கசப்போடு சிரித்தார். "மாமனார் எனக்குத் தந்தது வெறும் மணல். அதிலை ஒரு பிடி உரமும் நான் போட்டதில்லை. நல்லாயிருக்கிற துண்டுகளிலை இல்லாத பொட்டாசு அந்த மணலிலை எங்கையிருந்து வந்தது? அந்தப் பிள்ளை அங்கை கால் வைக்கேல்லை. எங்கையோ வழியிலை மண்ணை அள்ளிப் பையை நிரப்பியிருக்கு. கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு எழுதிப் போட்டன்."

"எழுதிப் போட்டியளோ, எழுதப் போறியளோ?"

"எழுதிப் போட்டன்."

 சோமசேகரம் சிதறிய மணலைக் கடதாசியால் கூட்டிப் பையில் போட்டுக் கட்டி, அதன்மேல் தன் கையாலேயே பெயரெழுதினார்.

அந்த மண்ணைச் சோதித்தவன் கனிசியஸ். கரையூரைச் சேர்ந்த ஆய்வுகூட உதவியாளன். வேலையில் சுத்தம்; ஊகத்தில் மட்டும் அவசரம். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அவன் சோமசேகரத்தின் முன்னால் வந்து நின்றான்.

"பொட்டாசு இல்லையெண்டே சொல்லலாம் சேர். அவர் சொன்னது சரி. திருப்பியும் செய்து பாத்தன், அதுதான்."

"அப்ப குணலட்சுமி பொய் சொல்லுறாவோ?"

"அப்பிடி நான் சொல்ல மாட்டன். அவர்தான் கடற்கரை மண்ணைக் கொண்டுவந்து எங்களை ஏமாத்தியிருக்க வேணும்."

"கடற்கரை மண்ணெண்டால் சிப்பித் தூள் இருக்கும். அமிலம் விட்டுப் பாத்தனீயோ?"

"விட்டன். நுரைக்கேல்லை."

"அப்ப அது கடற்கரை மண் இல்லை."

கனிசியஸ் சற்று யோசித்தான். "பைகளிலை கட்டின பேர்ச்சீட்டு மாறியிருக்குமோ? முதலாம் துண்டின்ரை மண் மூண்டாவதாய்ப் பதிஞ்சிருந்தால்?"

"மாறியிருந்தால், பொட்டாசு நிறைஞ்ச துண்டு முதலாவது இல்லாட்டி இரண்டாவதாய் இருக்க வேணும். அந்த மரங்களைப் பாத்தால் தெரிஞ்சுபோகும். அது கிடக்கட்டும், மிச்ச மண் இருக்கெல்லோ? இரண்டையும் எடு."

ஆய்வுக்காக அரித்தபின் அரிதட்டில் தங்கும் கழிவையும் எறியாமல் போத்தலில் வைப்பது அந்த ஆய்வுகூடத்தின் வழக்கம். இரண்டு வெள்ளைப் பீங்கான் தட்டுகளில் அவற்றைக் கொட்டி, கனிசியஸ் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்தான். தியாகலிங்கத்தின் மண்ணில் கோரைக் கிழங்கும் புல்வேரும் இருந்தன. குணலட்சுமி கொண்டுவந்ததில் செம்மண்ணிறமான மெல்லிய வேர்கள். அவற்றோடு கடுகிலும் சிறிய கறுப்புத் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"கரி," என்றான் கனிசியஸ்.

"ம். அறிக்கையிலை இன்னொரு விசயமும் இருக்கு. மற்ற இரண்டு துண்டும் புளிப்பு மண், அமிலம் கூடினது. இது மட்டும் புளிப்புக் குறைஞ்சு கிடக்கு. பொட்டாசு உரம் போட்டால் மண்ணின்ரை புளிப்பு மாறாது. அதை மனதிலை வைச்சிரு."

தியாகலிங்கம் வந்து அந்த முடிவைக் கேட்டுப் போன மறுவாரம், ஒரு பின்னேரம் குணலட்சுமி வந்தாள். வெயிலில் கறுத்து, சப்பாத்தில் மணல் ஒட்ட, நிமிர்ந்து நின்றாள். அந்தப் பகுதிக்குக் கள உத்தியோகத்தராக வந்த முதல் பெண் அவள். விளக்கம் கேட்டுக் கொழும்பிலிருந்து வந்த தாள் அவள் கையில் இருந்தது. விசாரணைக்கு நாள் குறித்திருந்தார்கள்.

"மன்னிப்புக் கேட்டு எழுதினால் வேறை இடத்துக்கு மாத்தி விடலாமெண்டு சொல்லுகினம் சேர். நான் செய்யாத பிழைக்கு மன்னிப்பு எழுத மாட்டன். மூண்டாம் துண்டுக்குள்ளை போனனான். கனக்க மரத்தடியிலை தோண்டி, மண்ணைக் கலந்துதான் கொண்டுவந்தனான். துணைக்கு ஆருமில்லை. அதுதான் என்ரை பிழை."

"அது பிழை இல்லைப் பிள்ளை," என்றார் சோமசேகரம். "நாளைக்கு நாங்கள் மூண்டு பேரும் பளைக்குப் போவம்."

மறுநாள் காலை புகையிரதத்தில் பளையில் இறங்கி நடந்தார்கள். தென்மேற்கிலிருந்து வீசிய சோளகக் காற்று மணலை வாரிக் காலில் இறைத்தது. தோட்டத்து வாசலிலேயே சோமசேகரம் நின்று முதல் இரண்டு துண்டு மரங்களையும் அண்ணாந்து பார்த்தார். அடியோலைகள் நுனி கருகி மஞ்சளித்திருந்தன. கனிசியஸ் அவரைப் பார்த்துத் தலையாட்டினான். பைகள் மாறவில்லை.

தியாகலிங்கம் மரியாதைக்குக் குறைவில்லாமல் வரவேற்றார். குணலட்சுமியை மட்டும் பார்க்காததுபோல இருந்தார். நாகேஸ்வரி இளநீர் கொண்டுவந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க, அதிகம் பேசாத பெண். குணலட்சுமியைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றி மறைந்தது.

"உந்த ஓலையெல்லாம் ஏன் மஞ்சளாய்க் கிடக்கு?" என்று சோமசேகரம் பொதுவாகக் கேட்டார்.

"வயசுபோன ஓலை மஞ்சளாகத்தானே வேணும்," என்றார் தியாகலிங்கம்.

"வயசுபோன ஓலையெண்டால் முழுக்க ஒரேயடியாய்ப் பழுக்கும்," என்றார் நாகேஸ்வரி. "உது நுனியிலையிருந்தெல்லோ எரிஞ்சு வருது. ஈர்க்குப் பக்கம் இன்னும் பச்சை." சொல்லிவிட்டு, அதிகம் சொல்லிவிட்டவர்போல குடித்து முடித்த இளநீர்க் கோம்பைகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

வீட்டுக்குப் பின்னால் கொப்பறாக் கொட்டில் இருந்தது. சிரட்டையையும் தேங்காய் மட்டையான பொச்சையும் எரித்துத் தேங்காயை உலர்த்தும் அந்தச் சூளைக்கு மார்க்கண்டு பொறுப்பு. நரைத்த மீசைக்காரர். சோமசேகரம் சூளையைச் சுற்றி வந்தார். தரை கூட்டித் துப்புரவாக இருந்தது.

"எல்லாத் துண்டுத் தேங்காயும் இஞ்சைதானோ வரும்?"

"ஓம் ஐயா. ஒண்டாய்த்தான் குவிக்கிறது."

"இவ்வளவு எரிக்கிறியள். சாம்பலை எங்கை கொட்டுறனீங்கள்?"

மார்க்கண்டு வீட்டுப் பக்கம் ஒரு கணம் பார்த்தார். "சாம்பல்தானே ஐயா. காத்திலை போயிடும்."

வெளியே வந்ததும் கனிசியஸால் பொறுக்க முடியவில்லை. "பிடிச்சிட்டன் சேர். மார்க்கண்டர்தான். குணலட்சுமி மிஸ் கட்டி வைச்ச பையிலை சாம்பலைக் கலந்திருக்கிறார். அதுதான் கரித் துணுக்கு."

"ஏன் கலக்க வேணும்? முதலாளிக்கு உரம் கிடையாமல் போனால் மார்க்கண்டருக்கு என்ன லாபம்? பையிலை கலந்த கரியெண்டால் வேரிலை ஒட்டிப் பிடிச்சிருக்குமோ? பொறு."

மூன்றாம் துண்டுக்கு எல்லாரும் வர வேண்டும் என்று சோமசேகரம் கேட்டுக்கொண்டார். தியாகலிங்கம் முழங்கால் வருத்தக்காரர். நெடுந்தூரம் நடக்க மாட்டார். மார்க்கண்டு மாட்டு வண்டிலைப் பூட்டினார். நாகேஸ்வரி சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் நடந்தார்.

"நீங்கள் மண் எடுத்த இடத்தைக் காட்டுங்கோ ஐயா," என்றார் சோமசேகரம்.

தியாகலிங்கம் பாதையோரத்தில் இறங்கி, நான்கு மரங்களுக்கு நடுவேயிருந்த வெளியைத் தடியால் காட்டினார். வெட்டிய அடையாளம் இன்னும் இருந்தது. அதைச் சுற்றிக் கோரை முளைத்திருந்தது. "இதுதான். வேரில்லாத, வெட்டச் சுகமான இடம். என்ரை காலோடை அதுக்கு அங்காலை போக ஏலாது."

"பிள்ளை, நீ எடுத்த இடம்?"

குணலட்சுமி நடந்து, ஒரு மரத்தின் அடியில் நின்றாள். அடிமரத்திலிருந்து இரண்டு முழத் தூரத்தில் குனிந்து, காய்ந்த பொச்சுகளை விலக்கித் தோண்டினாள். மேல்மணலுக்குக் கீழே மண் சாம்பல் நிறமாக வந்தது. செந்நிற வேர்கள் அதில் பின்னிக் கிடந்தன.

கனிசியஸ் இரண்டு கண்ணாடிக் குழாய்களை எடுத்தான். ஒன்றில் அவள் தோண்டிய மண், மற்றதில் வெளியில் வெட்டிய மண். இரண்டிலும் வடிநீர் விட்டு, புளிப்பைக் காட்டும் சாயத் திரவம் சில துளிகள் சேர்த்துக் குலுக்கி, மண் அடங்கும்வரை பிடித்திருந்தான். வெளி மண்ணின் நீர் புளிப்பைக் காட்டி மஞ்சளாகத் தெளிந்தது. மரத்தடி மண்ணின் நீர் புளிப்புக் குறைந்து பச்சையாகித் தெளிந்தது.

"ஒரு காணிக்குள்ளை, பத்தடித் தூரத்துக்குள்ளை, இரண்டு மண்," என்றார் சோமசேகரம். "ஐயா கொண்டுவந்ததும் மூண்டாம் துண்டு மண்தான். பிள்ளை கொண்டுவந்ததும் மூண்டாம் துண்டு மண்தான். இரண்டு பேரும் பொய் சொல்லேல்லை. ஆனால் தென்னை சாப்பிடுறது மரத்தடியைச் சுத்தி இருக்கிற இந்த வட்டத்திலைதான். உரம் போடுறதும் இதிலைதான். அதாலை சோதனைக்கும் இதிலைதான் மண் எடுக்க வேணும். பிள்ளை எடுத்தது முறையான மண். ஐயா எடுத்தது மரம் தொடாத மண்."

தியாகலிங்கம் வண்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்ப அந்த வட்டத்துக்குள்ளை பொட்டாசு எப்பிடி வந்தது? நான் போடேல்லையே."

"அதுதான் கேள்வி. சங்கத்து உரத்தை ஆரும் போட்டிருந்தால் புளிப்புக் குறைஞ்சிராது, கரியும் இராது. சாம்பல் போட்டால்தான் பொட்டாசும் கூடும், புளிப்பும் குறையும். சிரட்டைச் சாம்பலும் பொச்சுச் சாம்பலும் பொட்டாசுச் சுரங்கம். உங்கடை சூளையிலை நாள்தோறும் சாம்பல் விழுகுது, குவியலை மட்டும் காணேல்லை. மார்க்கண்டர் காத்திலை போகுதெண்டார். காத்து இந்த மரங்களை மட்டும் தேடி வந்து, வட்டத்திலை கொட்டி, பொச்சாலை மூடிவிட்டுப் போயிருக்கு."

மார்க்கண்டு தலைகுனிந்தார். கனிசியஸ் அவரை நோக்கி ஓரடி எடுத்து வைத்தான். சோமசேகரம் கையமர்த்தினார்.

"மார்க்கண்டர் களவெடுக்கிறவரெண்டால் தன்ரை வளவுக்குத்தான் கொண்டு போயிருப்பார். முதலாளி சொல்லிச் செய்ததெண்டால் மூண்டு துண்டுக்கும் போட்டிருப்பார். போட்டது இந்தத் துண்டுக்கு மட்டும். அப்ப, சூளைச் சாம்பலைக் கேட்டால் மார்க்கண்டர் மறுக்க மாட்டாத ஒராள். மற்றத் துண்டுகளை விட இந்தத் துண்டிலை பற்றுள்ள ஒராள். ஓலை நுனியிலையிருந்து எரிஞ்சு வந்தால் மரத்துக்கு எதிலை பசியெண்டு தெரிஞ்ச ஒராள்." அவர் குணலட்சுமியின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நுனியிலை தொடங்கும், ஈர்க்குப் பக்கம் பச்சையாய் இருக்கும் எண்டு நீ எங்கையாவது சொல்லிக் குடுத்தனீயோ?"

குணலட்சுமி நினைத்துப் பார்த்தாள். "ஓம் சேர். இஞ்சை வந்த புதிசிலை, பளை மாதர் சங்கத்திலை கதைச்சனான். பொட்டாசுப் பசியை ஓலையிலை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது எண்டு. உரம் கிடையாவிட்டால் சாம்பல் போடலாமெண்டும் சொன்னனான். கனபேர் வந்திருந்தவை. ஒருதரும் கேள்வி கேக்கேல்லை. என்ரை பேச்சு ஒருதருக்கும் விளங்கேல்லையாக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு போனனான்."

"ஆர் எண்டு சொல்லுங்கோவன்," என்றார் தியாகலிங்கம் பொறுமையிழந்து.

"நான் சொல்லுறது முறையில்லை. காணிக்காரர் சொல்லட்டும்."

"காணிக்காரன் நானெல்லோ?"

"இந்தத் துண்டுக்குமோ ஐயா?"

காற்று ஓலைகளில் சரசரத்தது. நாகேஸ்வரி முன்னால் வந்தார். அவர் கணவனைப் பார்க்கவில்லை; சோமசேகரத்தைப் பார்த்தார்.

"நான்தான் போட்டனான். இவர் சம்மதிக்க மாட்டார் எண்டு இவருக்குச் சொல்லேல்லை. மார்க்கண்டரைச் சொல்ல வேண்டாமெண்டதும் நான்தான். அவரிலை பிழையில்லை." பிறகு தயங்கினார். "ஆனால் ஐயா, போன கிழமை இவர் ஆய்வுகூடத்திலையிருந்து வந்து, மூண்டாம் துண்டு மண்ணிலை ஒண்டுமில்லையாம் எண்டு சொன்னார். இவ்வளவு காலமும் சுமந்து போட்டது வீணாய்ப் போச்சுதெண்டு நினைச்சன். என்ன முகத்தோடை சொல்லுறது? இந்தப் பிள்ளையின்ரை வேலைக்கு இவர் வினை வைச்சது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தால் அண்டைக்கே சொல்லியிருப்பன்."

"வீணாய்ப் போகேல்லை அம்மா," என்றார் சோமசேகரம். "அண்ணாந்து பாருங்கோ."

எல்லாரும் பார்த்தார்கள். அடியோலைகள்கூட நுனிவரை பச்சையாக இருந்தன. குலைகள் ஒன்றன்மேல் ஒன்று தாங்கி நின்றன. இத்தனை காலமும் இந்தத் தேங்காய்கள் கொட்டிலில் மற்றவற்றோடு ஒன்றாகக் குவிந்ததில், எது எந்தத் துண்டின் காய் என்று எவருக்கும் தெரியாமல் போயிருந்தது.

தியாகலிங்கம் தடியை ஊன்றிக்கொண்டு மணலுக்குள் நடந்தார். மார்க்கண்டு பிடிக்க வந்த கையை விலக்கிவிட்டார். ஒரு மரம், அடுத்த மரம் என்று நின்று நின்று பார்த்தார். திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது.

"ஏன் இதுக்கு மட்டும் போட்டனீர்?" என்று மனைவியைக் கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"வெறும் மணல், வெறும் மணல் எண்டு எத்தினை வருசம் கேட்டிட்டன்," என்றார் நாகேஸ்வரி. "என்ரை அப்பா தன்னட்டை இருந்ததிலை நல்லதைத்தான் தந்தவர். அது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிய வேணுமெண்டு நினைச்சன். மதிப்பைக் கேட்டு வாங்கிறதை விட, மரம் காட்டட்டும் எண்டு விட்டிட்டன்."

தியாகலிங்கம் தடியை ஊன்றித் திரும்பினார். பிறகு குணலட்சுமியிடம் போய் நின்றார். நிலைய அதிபராக இருந்தபோது தவறான சமிக்ஞைக்குத் தானே பொறுப்பேற்றிருந்தால் எப்படி நின்றிருப்பாரோ அப்படி நின்றார்.

"பிள்ளை, நான் எழுதினது பிழை. அதை நானே கொழும்புக்குப் போய்ச் சொல்லுவன். கடிதம் போதாது."

"வருவியளெண்டால் விசாரணை நாளுக்கு வாங்கோ ஐயா," என்றாள் குணலட்சுமி. "நான் ஒருக்காலும் மன்னிப்பு எழுதேல்லை. அதை நீங்களும் அவைக்குச் சொல்ல வேணும்."

"சொல்லுவன்."

கனிசியஸ் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. "சேர், நான் மார்க்கண்டரைச் சந்தேகப்பட்டது அவருக்குத் தெரியுமோ?"

"தெரியும்," என்றார் மார்க்கண்டு.

நாகேஸ்வரி அதற்குள் குணலட்சுமியின் பக்கத்தில் போய்க் குந்தி, தோண்டிய குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளை, அப்ப இனியும் போடட்டோ? முந்தியிலும் கூடப் போடலாமெண்டு யோசிச்சனான்."

"வேண்டாம் அம்மா. போதும். சொல்லப்போனால் அளவுக்கு மிஞ்சிப் போட்டிட்டியள். பொட்டாசு கூடினால் மரம் மற்றச் சத்துகளை எடுக்க மாட்டாது. மண்ணின்ரை புளிப்பும் ஒரேயடியாய்க் குறையக் கூடாது. கண்ணுக்குப் பச்சையாய் இருக்கும். எவ்வளவு கிடக்கெண்டு கண்ணாலை தெரியாது. அதுக்குத்தான் சோதனை. சாம்பலை இனி முதலாம், இரண்டாம் துண்டுக்குக் கொண்டு போங்கோ. அங்கைதான் பசி."

"அப்ப சங்கத்திலை எழுதித் தந்த பொட்டாசு?"

"சாம்பலும் போட்டால் அவ்வளவு தேவைப்படாது. எவ்வளவு குறைக்கலாமெண்டு கணக்குப் பாத்துச் சொல்லுறன். மிச்சம், உரம் கிடையாத ஒராளுக்குப் போகட்டும். வாற வருசம் திரும்ப மண் எடுத்துப் பாப்பம். நீங்களும் என்னோடை வாங்கோ, எப்பிடி எடுக்கிறதெண்டு காட்டுறன்."

"வாறன்," என்றார் நாகேஸ்வரி. எழுந்து சீலையில் ஒட்டிய மணலைத் தட்டினார். இளநீர் கொடுத்தபோது உள்ளே ஒடுங்கிப் போன பெண்ணை இப்போது அவரில் காண முடியவில்லை.

அந்நேரம் வண்டில் பாதையால் அயல் தோட்டக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தார். கூட்டத்தைக் கண்டு காலூன்றி நின்றார். மூன்றாம் துண்டுக்குள் தியாகலிங்கத்தை அவர் கண்டதே இல்லை.

"என்ன ஸ்டேசன் மாஸ்ரர், காணியை விக்கிற யோசனையோ?"

"விக்கிறதோ?" தியாகலிங்கம் தடியை நிமிர்த்திப் பிடித்தார். "மண் சோதிக்க யாழ்ப்பாணத்திலையிருந்து பெரியாக்கள் வந்திருக்கினம். பளையிலை பொட்டாசு தேவைப்படாத தென்னங்காணி எது எண்டு பாக்க வந்தவை. இது என்ரை மனுசியின்ரை காணி. எப்பிடிச் செய்ததெண்டு அறிய விருப்பமெண்டால் சைக்கிளை விட்டு இறங்கி, அவவைத்தான் கேக்க வேணும்."

அயல்காரர் சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மணலுக்குள் இறங்கினார்.